குறைந்த காசில் மெக்கானிக்கல் கீபோர்டு: பலகை முதலில், சுவிட்ச் பிறகு

கீயின் அடியில் இருக்கும் சுவிட்ச் சிவப்பா, பிரவுனா, நீலமா? மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். கையில் இருப்பது 3,000 ரூபாயோ 5,000 ரூபாயோ என்றால், அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. சுவிட்ச் செருகும் சாக்கெட் சரியாக இருந்தால், பிடிக்காத சுவிட்சைக் கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம். அளவு ஒத்துவராத பலகையையும் போலி மெக்கானிக்கலையும் அப்படிச் சரிசெய்ய வழியில்லை. அதனால் இங்கே பலகையில் தொடங்கி சுவிட்சுக்கு வருவோம். விலைகள் இந்தியச் சந்தையை ஒட்டியவை. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் நிறையத் தட்டச்சு செய்கிறவருக்காகச் சில இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

படி 1: போலியைக் கண்டுபிடியுங்கள்

இணையக் கடைகளில் 'மெக்கானிக்கல் ஃபீல்', 'செமி மெக்கானிக்கல்', 'மெம்-கானிக்கல்' என்று எழுதியிருந்தால் அது மெம்பிரேன் கீபோர்டு. உள்ளே ரப்பர் குமிழ்தான் இருக்கும். மேலே உயர்த்தி வைத்த கீகேப்பும் (கீயின் மேல்மூடி) வண்ண விளக்கும் பார்வைக்கு ஏமாற்றும். உண்மையான மெக்கானிக்கலில் ஒவ்வொரு கீயின் அடியிலும் தனிச் சுவிட்ச் இருக்கும்: சதுரப் பெட்டி, நடுவில் கூட்டல் குறி வடிவத் தண்டு, உள்ளே ஸ்பிரிங், பக்கவாட்டில் உலோகத் தகடு.

விளக்கப் பகுதியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். சுவிட்சின் பெயர் (கேட்டரான், கைல், அவுட்டெமு, அக்கோ, ஹுவானோ, செர்ரி என்பது போல). அதன் வகை அல்லது நிறம். கீகேப் கழற்றிய நிலையில் ஒரு படம். மூன்றும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். '19 கீ ஆன்டி-கோஸ்டிங்' (19 கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினாலும் சரியாகப் பதியும்) என்று மட்டும் பெருமையடிப்பதும் மெம்பிரேனின் அடையாளம். மெக்கானிக்கலில் பெரும்பாலும் எல்லாக் கீகளும் ஒரே நேரத்தில் பதிவாகும்.

இன்னொரு குழப்பம் ஆப்டிகல் சுவிட்ச். அது போலியில்லை, ஒளிக்கற்றையால் வேலை செய்யும் நல்ல சுவிட்ச்தான். ஆனால் அதற்கு உலோகப் பின் கிடையாது, அந்தப் பலகையில் சாதாரண சுவிட்சைச் செருக முடியாது. பிறகு மாற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஆப்டிகலைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 2: அளவு

முழு அளவில் 104 கீகள். எண்பட்டையை நீக்கினால் 87, இதைத்தான் டிகேஎல் என்கிறார்கள். 75 சதவீதம் எனப்படுவதில் 80-லிருந்து 84 வரை கீகள், எஃப் வரிசையும் (எஃப்1 முதல் எஃப்12 வரை) அம்புக்குறிகளும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். 65 சதவீதத்தில் எஃப் வரிசை போய்விடும். 60 சதவீதத்தில் அம்புக்குறியும் போய் 61 கீகள் மிஞ்சும்.

கணக்கு வழக்கு, டேலி, எக்ஸெல் என்று நாள் முழுக்க எண்ணோடு வேலையென்றால் 104-ஐ விட்டு இறங்காதீர்கள். எழுதுகிறவர்களுக்கும் நிரல் அடிப்பவர்களுக்கும் 75 சதவீதப் பலகை அல்லது 87 கீ பலகை பொருந்தும். மவுஸ் கைக்குப் பக்கத்தில் வரும், தோள் விரியாது.

60 சதவீதம் மலிவு, அழகு. ஆனால் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் அடிப்பவர்கள் வாங்கும் முன் ஒரு கீயைப் பார்க்க வேண்டும். சென்னையில் 1999-இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் உள்ளன. சாய்கோட்டுக் கீ, அதாவது / இருக்கும் இடம்தான் 'ழ'. சில 60 சதவீதப் பலகைகளில் மேல் அம்புக்குறியையும் அதே கீயில் ஏற்றிவிட்டு, எஃப்என் கூட்டுக் கீ ஒன்றால் இரண்டுக்கும் நடுவே மாறச் செய்கிறார்கள். அந்த மாற்றம் தவறுதலாக அழுந்திவிட்டால் 'தமிழ்' அடிக்கும்போது கர்சர் மேல்வரிக்குத் தாவும். காரணம் தெரியாமல் மென்பொருளை அழித்து மறுபடி நிறுவுகிறவர்கள் உண்டு. அம்புக்குறிக்குத் தனிக் கீ இருக்கும் 65 அல்லது 75-ஐ எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

படி 3: சாக்கெட்டைப் பாருங்கள்

மலிவான பலகைகளில் சுவிட்சுகள் ஈயப் பற்றுவைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று கெட்டால் சால்டரிங் அயர்ன் வேண்டும். ஹாட்-ஸ்வாப் என்றால் சுவிட்சை இழுத்து எடுத்து வேறொன்றை அழுத்திச் செருகலாம். இந்த வசதிக்குக் கூடுதலாக 500 ரூபாய் கேட்டாலும் கொடுங்கள், பலகையின் ஆயுள் கூடும்.

எல்லா ஹாட்-ஸ்வாப்பும் ஒன்றல்ல. பலகையின் பின்புறம் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் சாக்கெட் இருந்தால், செர்ரி வடிவச் சுவிட்ச் எதுவும் பொருந்தும். பழைய மலிவு ரகங்களில் துளைக்குள் சிறு உலோகக் குழல் மட்டும் இருக்கும். அதில் மெல்லிய பின் கொண்ட அவுட்டெமு சுவிட்ச் மட்டுமே நுழையும். மற்றதை அழுத்தினால் பின் மடங்கும், அல்லது குழல் பிடுங்கிக்கொண்டு வரும். 'அவுட்டெமு சுவிட்சுக்கு மட்டும்' என்ற வரி விளக்கத்தின் அடியில் எங்காவது ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

அடுத்து 3 பின், 5 பின் கணக்கு. இரண்டிலும் மின்சாரம் கடத்தும் உலோகப் பின் 2 தான், மூன்றாவதாக எண்ணப்படுவது நடுவிலுள்ள பிளாஸ்டிக் தண்டு. 5 பின்னில் இருபக்கமும் கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். 5 பின் பலகையில் 3 பின் சுவிட்ச் அப்படியே போகும். 3 பின் பலகைக்கு 5 பின் சுவிட்ச் வாங்கிவிட்டால் அந்த இரு பிளாஸ்டிக் கால்களையும் நகவெட்டியால் அடியோடு நறுக்கிவிடுங்கள். எந்தக் குறையும் வராது, ஆனால் 80 சுவிட்சுக்கு 160 நறுக்கு, அரை மணி நேர வேலை.

படி 4: இப்போது சுவிட்ச்

ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவம்தான் இன்றைய பெரும்பாலான சுவிட்சுகளுக்கு மூலம். காப்புரிமை முடிந்தபின் சீன நிறுவனங்கள் அதே அளவில் செய்யத் தொடங்கின, விலை சரிந்தது. நிறப் பெயர்களும் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் நிறம் ஒரு தரநிலை கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஊதா மென்மையாக இருக்கும், இன்னொன்றின் ஊதா முரடாக இருக்கும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு வகை, அழுத்தம், தூரம் ஆகிய மூன்றைப் பாருங்கள்.

லினியர்: மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் இறங்கும். செர்ரி சிவப்பு 45 கிராம் அழுத்தத்தில், 2 மில்லிமீட்டர் இறங்கியதும் எழுத்தைப் பதியும். மொத்தப் பயணம் 4 மில்லிமீட்டர். கேட்டரான் புரோ மஞ்சளும் அக்கோ வி3 கிரீம் மஞ்சளும் 50 கிராம். மலிவில் தொடங்குகிறவருக்கு இந்த மஞ்சள்களைத் தயங்காமல் சொல்லலாம். தொழிற்சாலையிலேயே கிரீஸ் தடவி வருகின்றன, தண்டு உராயாது, 45-ஐ விடச் சற்றுக் கனம் என்பதால் விரல் வைத்ததுமே எழுத்து விழாது.

டாக்டைல்: நடுவழியில் ஒரு மேடு. அதைத் தாண்டியதும் எழுத்து பதிந்துவிட்டது என்று விரலுக்குத் தெரியும். செர்ரி பிரவுன் இந்த வகைதான், 55 கிராம். ஆனால் அதன் மேடு மிகச் சிறியது. டாக்டைல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மலிவு பிரவுனை வாங்குகிறவர்கள் பலருக்கு 'மணல் கலந்த லினியர்' போன்ற உணர்வுதான் கிடைக்கிறது. டாக்டைல் வேண்டுமென்றால் மேடு தெளிவாகத் தெரியும் ரகத்தை எடுங்கள், இல்லாவிட்டால் லினியரே மேல்.

கிளிக்கி: மேட்டோடு 'டிக்' சத்தமும் வரும். செர்ரி நீலம் 60 கிராம், 2.2 மில்லிமீட்டர். தட்டச்சு மெஷின் பழகியவர்களுக்கு இனிக்கும். அடுத்த அறையில் குழந்தை தூங்கும் வீட்டுக்கும், மைக் திறந்திருக்கும் கூட்டங்களுக்கும் ஆகாது. எவ்வளவு கிரீஸ் தடவினாலும் அந்தச் சத்தம் ஒழுங்காகப் போகாது, சுவிட்ச்தான் கெடும்.

சைலண்ட்: தண்டின் இரு முனையிலும் ரப்பர் திண்டு வைத்த லினியர் அல்லது டாக்டைல். செர்ரி சைலண்ட் சிவப்பின் பயணம் 3.7 மில்லிமீட்டர். அடியில் மோதும்போது லேசாகச் சதசதப்பாக இருக்கும். இரவில் எழுதுகிறவர்களுக்கு அந்தக் குறை பெரிதல்ல.

'ஸ்பீட்' சுவிட்ச் 1.2 மில்லிமீட்டரிலேயே பதியும். விளையாட்டுக்கு ஆகும். எழுத்து வேலையில் விரல் ஓய்வாகச் சாய்ந்தாலே 'அஅஅஅ' என்று வரிசை கட்டும்.

தமிழ்99-காரர்களுக்குச் சுவிட்ச் தேர்வில் இன்னொரு கணக்கு உண்டு. அந்த அமைப்பில் ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறும் வலது சுண்டுவிரலின் பொறுப்பு. ச, ந, ய மூன்றும் தமிழில் அடிக்கடி வருபவை. போதாததற்கு பேக்ஸ்பேஸும் என்டரும் அதே விரலுக்குத்தான். ஆங்கிலத்தில் அந்த விரலுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஆங்கிலத்துக்கு 60 கிராம் சுகமாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, நான்கு பக்கம் தமிழ் அடித்ததும் சுண்டுவிரலிலிருந்து முழங்கைவரை இழுப்பதற்குக் காரணம் இதுதான். 45 முதல் 50 கிராமுக்குள் நிற்பது நல்லது. ஹாட்-ஸ்வாப் பலகையென்றால் இன்னும் எளிய வழி உண்டு. அந்த ஆறு கீகளில் மட்டும் 35 முதல் 40 கிராம் லினியரைப் போடுங்கள். 10 சுவிட்ச் கொண்ட சிறு பொதி ஒன்று போதும். முதல் நாள் வித்தியாசமாக இருக்கும், பிறகு கை மறந்துவிடும்.

படி 5: 10 ரூபாய் நாணயத்தால் அளந்து பாருங்கள்

45 கிராம், 60 கிராம் என்று சொன்னால் விரலுக்கு ஒன்றும் புரியாது. இப்போது பயன்படுத்தும் கீபோர்டையே அளந்துவிடலாம். இருநிற 10 ரூபாய் நாணயம் ஒன்று சுமார் 7.7 கிராம். நாணயம் கீயைவிட அகலம் என்பதால் பக்கத்துக் கீயில் முட்டும். எனவே கீயின் நடுவில் முதலில் சின்ன ரப்பர் துண்டு ஒன்றை நிறுத்தி, அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்குங்கள். நோட்பேட் திறந்திருக்கட்டும். 6 நாணயத்தில் எழுத்து விழுந்தால் 46 கிராம், 7 என்றால் 54, 8 என்றால் 62. ரப்பர் துண்டின் எடையும் சேரும், அதனால் துண்டு மிகச் சிறியதாக இருக்கட்டும். இப்போதைய கீபோர்டு கனமாகத் தோன்றினால் கிடைத்த எண்ணிலிருந்து 10 குறைத்து வாங்குங்கள். அழுத்தாமலே எழுத்து விழுகிறதென்றால் 10 கூட்டுங்கள்.

சென்னைக்காரர்கள் ரிச்சி தெருவில் திறந்து வைத்திருக்கும் மாதிரிகளைத் தட்டிப் பார்க்கலாம். ஒரு கீயை மட்டும் அழுத்திப் பார்த்தால் பயனில்லை, முழு வாக்கியம் ஒன்றை மூன்று முறை அடியுங்கள்.

படி 6: மற்றவை, சுருக்கமாக

கீகேப்: ஏபிஎஸ் பிளாஸ்டிக் சில மாதங்களில் எண்ணெய் தேய்த்ததுபோல் பளபளக்கும். பிபிடி அவ்வளவு சீக்கிரம் வழவழப்பாகாது. எழுத்து அழியாமலிருக்க 'டபுள்-ஷாட்' அல்லது 'டை-சப்' என்று போட்டிருக்க வேண்டும். பிறகு தனியாக வேறு கீகேப் வாங்கினால், 65, 75 சதவீதப் பலகைகளின் வலது ஷிஃப்ட் பெரும்பாலும் 1.75 அலகு (ஓர் எழுத்துக் கீயின் அகலம் 1 அலகு) என்பதை நினைவில் வையுங்கள். மலிவுத் தொகுப்புகளில் அந்த ஒன்று மட்டும் இருக்காது.

வயர்லெஸ்: ஒரே மேசையில் ஒரே கணினி என்றால் வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல சுவிட்ச் வரும். கம்பி யூஎஸ்பி-சி வகையாகவும் கழற்றக்கூடியதாகவும் இருந்தால் போதும்.

நிரல்படுத்தும் வசதி: கீகளின் வேலையை மாற்றும் மென்பொருள்களான வியா அல்லது கியூஎம்கே ஆதரவு இருந்தால் எந்தக் கீக்கும் எந்த வேலையையும் கொடுக்கலாம். கேப்ஸ் லாக்கை விண்டோஸ்+ஸ்பேஸ் என்று மாற்றிக்கொண்டால் ஒரே தட்டில் தமிழும் ஆங்கிலமும் மாறும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 உள்ளமைந்தே வருகிறது. இந்த ஒரு மாற்றமே இருமொழிக்காரருக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

உயரம்: மெக்கானிக்கல் பலகை சராசரி அலுவலகக் கீபோர்டைவிட உயரம். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால் வலிக்கும். பின்கால்களை மடக்கியே வையுங்கள்.

படி 7: எவ்வளவுக்கு என்ன

2,000 முதல் 3,000 வரை: கம்பியுள்ள 60 சதவீதப் பலகை அல்லது 87 கீ பலகை. சுவிட்ச் அவுட்டெமு அல்லது ஹுவானோ, கீகேப் ஏபிஎஸ். ஹாட்-ஸ்வாப் தேடினால் கிடைக்கும், சாக்கெட் வகையைக் கவனியுங்கள். இந்த விலையில் வயர்லெஸ் என்றால் வேறெங்கோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

3,000 முதல் 4,500 வரை: செலவுக்குத் தகுந்த பலன் அதிகம் இருக்கும் இடம் இதுதான். பிபிடி கீகேப், முழு ஹாட்-ஸ்வாப், கிரீஸ் தடவிய லினியர், உள்ளே சத்தம் குறைக்கும் ஃபோம் எல்லாம் எதிர்பார்க்கலாம்.

5,000 முதல் 7,000 வரை: கம்பி, புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மூன்றும் கொண்ட கேஸ்கெட் பலகைகள் (சுவிட்சைத் தாங்கும் தகடு மெத்தென்ற திண்டுகளில் அமர்ந்தவை), அல்லது வியா ஆதரவுள்ள கம்பிப் பலகைகள். இரண்டும் ஒன்றாக அமைவது அரிது. எழுதுகிறவருக்கு இரண்டாவதே உதவும்.

சுவிட்சைத் தனியாக வாங்கினால் எண்ணிக்கை பாருங்கள். 45 கொண்ட பெட்டி இரண்டு வாங்கினால் 90. 81 கீ பலகைக்கு 9 மிஞ்சும், 87-க்கு 3 மட்டும்.

படி 8: பெட்டி வந்ததும்

உறையைக் கிழிப்பதிலிருந்து ஒரே காணொளியாக எடுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் கேட்பார்கள். இணையத்தில் கிடைக்கும் கீபோர்டு சோதிக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து ஒவ்வொரு கீயையும் 10 முறை அழுத்துங்கள். இரண்டு குறைகள் வரலாம். ஒன்று, கீ பதியவே இல்லை. ஹாட்-ஸ்வாப் பலகையில் இதற்கு முதல் காரணம், பொருத்தும்போது மடங்கிய பின். இன்னொன்று, ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து. சுவிட்சின் உள்தகடு சரியாகத் தொடாமல் அதிர்வதால் வருவது. சந்தேகமென்றால் பக்கத்துக் கீயின் சுவிட்சோடு இடம் மாற்றிப் போடுங்கள். குறையும் கூடவே நகர்ந்தால் சுவிட்ச் கெட்டது. அதே இடத்தில் நின்றால் சாக்கெட் அல்லது பலகை கெட்டது, தாமதிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

படி 9: சுவிட்ச் மாற்றும் முறை

கம்பியைக் கழற்றிவிடுங்கள், பேட்டரி உள்ளதென்றால் அணைத்துவிடுங்கள். கீகேப்பைக் கம்பியால் செய்த கீகேப் இழுப்பானால் நேராக மேலே எடுங்கள். சுவிட்சின் கொக்கிகள் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான் இருக்கும். சுவிட்ச் இழுப்பானின் இரு நகங்களும் அங்கேதான் பிடிக்க வேண்டும், இட வலமாகப் பிடித்தால் சுவிட்சைத் தாங்கும் பிளேட் கீறும். இருபுறமும் ஒருசேர அழுத்திச் செங்குத்தாக இழுங்கள்.

புதிய சுவிட்சைச் செருகும் முன் இரண்டு பின்னும் நேராக உள்ளனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கோணியிருந்தால் இடுக்கியால் நிமிர்த்தலாம். பெரும்பாலும் அதே பின்னை மீண்டும் பயன்படுத்த முடியும். துளைக்கு நேராக வைத்துக் கட்டைவிரலால் செங்குத்தாக அழுத்துங்கள். வழக்கத்தைவிடக் கடினமாக இருந்தால் நிறுத்துங்கள், பின் மடங்குகிறது என்று அர்த்தம். பலகையின் அடிமூடி கழன்றிருந்தால் பின்பக்கத்திலிருந்து சாக்கெட்டை விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். தாங்காமல் அழுத்தினால் சாக்கெட் பற்றிலிருந்து பெயர்ந்து வரும், அதைச் சரிசெய்ய சால்டரிங் தெரிந்தவர் வேண்டும்.

படி 10: கடகடக்கும் ஸ்பேஸ்பார்

ஸ்பேஸ்பார், என்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் நான்கின் அடியிலும் ஸ்டெபிலைசர் என்ற கம்பி இருக்கும். மலிவுப் பலகையில் முதலில் எரிச்சலூட்டுவது இதுதான். மருந்துக்கடையில் வாங்கும் 1 மில்லி சிரிஞ்சும் சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸும் போதும். கீகேப்பைக் கழற்றி, கம்பி பிளாஸ்டிக்கில் நுழையும் இரு முனைகளிலும் கடுகளவு கிரீஸ் விட்டு, பத்து முறை அழுத்தி விடுங்கள். சத்தம் போகாவிட்டால் இன்னும் கடுகளவு. அதிகமானால் கீ மந்தமாக எழும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் கம்பி கோணியிருக்கும். கழற்றிக் கண்ணாடிமேல் வைத்தால் எந்த முனை தூக்குகிறது என்று தெரிந்துவிடும், அதைக் கையால் மெல்ல வளைத்துச் சமப்படுத்துங்கள்.

தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் மெல்லியது, வழிந்து பலகைக்குள் இறங்கும். டபிள்யூடி-40 ஆவியாகிவிடும். மூன்றும் வேண்டாம். சுவிட்சுக்குள் கிரீஸ் தடவ வேண்டுமென்றால் அது கிரைடாக்ஸ் 205 போன்ற தனிக் கிரீஸ். 90 சுவிட்சுக்கு 5 கிராம் தாராளம், ஆனால் ஒவ்வொன்றாகப் பிரித்து மூட இரண்டு மாலைகள் போகும். தொழிற்சாலையிலேயே தடவி வந்த சுவிட்சுக்கு இந்த உழைப்பு தேவையில்லை.

வருடக்கணக்கில் ஓடியபின், குறிப்பாகக் கடலோர ஊர்களின் உப்புக் காற்றில், ஏதாவது ஒரு கீ இரட்டை எழுத்து அடிக்கத் தொடங்கும். கையில் உதிரிச் சுவிட்ச் இல்லையென்றால் 87 கீ ஹாட்-ஸ்வாப் பலகையில் அதிகம் பயன்படாத ஸ்க்ரோல் லாக், பாஸ் (Pause) இரண்டும் இருக்கின்றன. அவற்றின் சுவிட்சை எடுத்துக் கெட்ட இடத்தில் போட்டுவிட்டு, கெட்டதை அங்கே வைத்துவிடுங்கள்.